பை தூக்குதல்

எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், ஒரு பெண் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டால் அதற்கென்று ஒரு பேச்சு உண்டு. 'பை தூக்கிட்டா' என்பார்கள். விடிந்ததும் தொழிற்சாலைக்கு முன்னால் பெரட்டுக்கு, பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதற்கு, ஆள் கூடும். கங்காணி வேலை பார்க்கும் மண்டோர் முதலில் லாரி டிரைவர்களின் பெயர்களையும், பிறகு காட்டு வேலைக்காரர்களின் பெயர்களையும் கூப்பிடுவார். யாராவது குரல் கொடுக்கவில்லை என்றால் பின்வரிசையிலிருந்து ஒருத்தி மெதுவாகக் கேட்பாள், "என்னா, பை தூக்கிட்டாளா?" எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்தவள்தான். என் பெயருக்கு நான் குரல் கொடுக்காத காலைகள் வர ஆரம்பித்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

என் பை தானா ராத்தா டவுன் கடையில் வாங்கியது. சிவப்பும் நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பெரிய பிளாஸ்டிக் பை. அதன் ஜிப் ஒரு மூலையில் மாட்டிக்கொள்ளும். அங்கே துணியைச் சற்று மேலே தூக்கிப் பிடித்து இழுத்தால்தான் நகரும். அந்த வித்தை எனக்கும் என் மகளுக்கும் மட்டும் தெரியும். கட்டிலுக்கு அடியில், அரிசி டின்னுக்குப் பின்னால் அது எப்போதும் பாதி நிரம்பியே இருந்தது. மகளுடைய பிறப்புப் பத்திரம், இரண்டு சேலை, பள்ளிச் சீருடை, ஒரு போர்வை.

என் வீட்டுக்காரனை 'அவர்' என்று எழுதுவதா, 'அவன்' என்று எழுதுவதா என்று கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் என்றே எழுதுகிறேன். கை கூசவில்லை.

அவன் எஸ்டேட் லாரி ஓட்டினான். கொழுந்தைக் காட்டிலிருந்து தொழிற்சாலைக்கு ஏற்றி வருவது அவன் வேலை. ஊரில் அவனுக்கு நல்ல பெயர். கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர் டாங்கி கொண்டு வந்து கொடுப்பான்; யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாக நிற்பான். வீட்டுக்குள் வந்ததும் கையை நீட்டுவான். குடித்திருந்தால்தான் என்று இல்லை. சாம்பாரில் உப்பு குறைந்தால், நான் போனை எடுக்க நேரமானால், மகள் சத்தமாகச் சிரித்தால். காரணம் தேடுவதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன்.

தாங்க முடியாமல் போகும்போது பையைத் தூக்கிக்கொண்டு கம்போங் ராஜாவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போவேன். அண்ணன் அங்கே குத்தகை நிலத்தில் கோஸும் தக்காளியும் போடுகிறார். அண்ணி முதலில் பையைப் பார்ப்பாள், பிறகுதான் என் முகத்தைப் பார்ப்பாள். கெட்டவள் இல்லை. வீடு சின்னது, பிள்ளைகள் நிறைய. "வாங்க" என்று சொல்லிவிட்டு உலையில் இன்னும் கொஞ்சம் அரிசி போடுவாள். அந்த அரிசி விழும் சத்தம் இருக்கிறதே, அது எனக்கு அடியைவிட வலிக்கும். மகள் பள்ளிக்கூடம் போக முடியாமல் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பாடம் படிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்ததும் கோயில் தலைவரின் வேன் வாசலில் வந்து நிற்கும். தலைவர், கமிட்டி ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் தலையைப் படியச் சீவி நெற்றி நிறைய திருநீறு பூசிக்கொண்டு என் வீட்டுக்காரன். டீ குடிப்பார்கள். முட்டைக்கோஸ் விலையைப் பேசுவார்கள். கடைசியில் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரிம்மா, கெளம்பலாம்" என்பார். நான் பையைத் தூக்குவேன். இதுதான் வழக்கம். பை தூக்கினால் ஞாயிற்றுக்கிழமை வேன் வரும். வேன் வந்தால் ஏற வேண்டும். இதில் ஒரு தடவைகூட என் வீட்டுக்காரன் அந்தப் பையை வாங்கித் தூக்கியது கிடையாது.

கடைசித் தடவை வேன் நேராக லயத்துக்குப் போகாமல் கோயிலில் நின்றது. இதற்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டும் என்று தலைவர் தீர்மானித்திருந்தார். வெற்றிலையில் சூடம் ஏற்றி என் வீட்டுக்காரன் முன்னால் நீட்டினார்கள். "ஆத்தா மேல சத்தியமா இனிமே கை நீட்ட மாட்டேன்" என்று சொல்லி அவன் சூடத்தை அடித்து அணைத்தான். எனக்குக் கண்ணில் நீர் வந்தது, நம்பினேன். அப்போது வெற்றிலை என் பக்கம் திரும்பியது.

"ஏம்மா, நீயும் அடிச்சிரு. இனிமே வீட்டு விசயத்த பாலாய்க்கோ வெளியாளுக்கோ கொண்டு போவ மாட்டேன்னு சொல்லு. ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் நல்லது" என்றார் தலைவர்.

பாலாய் என்றால் மலாயில், எங்கள் பேச்சிலும், போலீஸ் நிலையம். அடித்தவனுக்கு ஒரு சூடம், அடிபட்டவளுக்கு ஒரு சூடம். அவர்களுக்கு அது நியாயமாகவே பட்டது. என் மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். சத்தியத்தை மீறினால் பிள்ளைக்குத்தான் ஆகாது என்று எல்லாருக்கும் தெரியும். நான் சூடத்தை அடித்தேன். உள்ளங்கை பொசுங்கியது.

அவன் சத்தியம் தீபாவளி வரை தாங்கியது. நான் என் சத்தியத்தை விடவில்லை. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அவன் மீறினான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் மட்டும் ஆத்தாவுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். கையில் காயம் என்றால் எஸ்டேட் கிளினிக்கில் "சறுக்கி விழுந்துட்டேன்" என்பேன். எங்கள் சரிவுகளில் மழைக்காலத்தில் சறுக்காதவர் யார்? அந்தப் பொய்யை யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

என்னைக் கண்டுபிடித்தது மெஷின்தான்.

இப்போது கொழுந்தைக் கையால் கிள்ளுவது குறைவு. நீள வாள் வைத்த மெஷினைச் செடி நிரைக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள், அந்தப் பக்கம் ஒரு ஆள் பிடித்துக்கொண்டு செடிக்கு மேலாக நடக்க வேண்டும். வெட்டுப்பட்ட கொழுந்து பின்னால் இருக்கும் சாக்குக்குள் போய் விழும். இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே நடை, ஒரே பலமாக இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பார்க்காத பொருத்தத்தை எல்லாம் மெஷினுக்குப் பார்ப்பார்கள். என் ஜோடி லயத்தின் கடைசி வீட்டுக்காரி. என் வயதுதான். வாய் நீளம், மனசு அதைவிட நீளம். அவளும் நானும் பிடித்தால் செடியின் தலை மேசைபோலத் தட்டையாக இருக்கும் என்று மண்டோரே சொல்லுவார்.

அன்று அவர் எங்கள் நிரைக்குக் கீழே நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"என்னாக்கா இது, ஒரு பக்கம் எறங்கிப் போயிருக்கு? நாளைக்கு தொர வந்து பாத்தா என்னயத்தான் கேப்பாரு."

 என் பக்கம்தான் இறங்கியிருந்தது. முந்தின நாள் அவன் முறுக்கிய மணிக்கட்டால் மெஷினைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை. ஜோடி மெஷினை அணைத்தாள். சத்தம் நின்றதும் காடு முழுக்க அமைதியாகிவிட்டது. அவள் நிரையைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தாள். என் கையுறையை உருவினாள். நான் தடுக்கவில்லை.

"சறுக்கி விழுந்துட்டேன்" என்றேன்.

"ஆமா, அவன் கைக்குள்ள சறுக்கி விழுந்துட்ட" என்றாள். பிறகு மண்டோரைப் பார்த்து, "இவளுக்கு ஒடம்பு சரியில்ல. கொஞ்ச நேரம் மேல போயி ஒக்காந்துட்டு வரோம்லா" என்று சொல்லிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். மண்டோர் எதுவும் கேட்கவில்லை. அவருக்கும் கண் இருந்தது.

எங்கள் காட்டில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது அந்த மேட்டில் மட்டும்தான். சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்க வருவதும் அங்கேதான். ஜோடி தன் போனில் 'மீன்காரி' என்ற பெயரைத் தேடி எடுத்தாள்.

"இப்ப எதுக்குடி மீனு?" என்றேன்.

சில மாதங்களுக்கு முன்னால் எஸ்டேட் மண்டபத்தில் பெண்களுக்கு ஒரு கூட்டம் நடந்தது. வீட்டில் அடிபடுகிற, வேலையில் தொல்லைபடுகிற, மனசு உடைந்துபோன பெண்களுக்கு உதவுகிறவர்கள் மலைக்குக் கீழேயிருந்து வந்திருந்தார்கள். ஒரு போன் நம்பரைக் கொடுத்து, யாரும் சந்தேகப்படாத பெயரில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்களாம். அன்று நான் போகவில்லை, அவன் விடவில்லை. போனவர்களில் பாதிப்பேர் அந்த நம்பரை மீன்காரி என்று போட்டுக்கொண்டார்கள். வாரா வாரம் தாப்பாவிலிருந்து மீன் வேன் மேலே வருகிறது. எந்தப் புருஷன் அந்தப் பெயரைப் பார்த்து யோசிக்கப் போகிறான்? எங்கள் லயத்தில் இத்தனை பேர் மீன்காரிக்குச் சிநேகிதம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

போனில் எடுத்தது ஒரு தமிழ்ப் பெண். குரல் சின்னது, அவசரமில்லாதது. அவர் பெயரைப் பிறகு தெரிந்துகொண்டாலும் எங்களுக்கு இன்றுவரை அவர் மீன்காரிதான். அவருக்கும் அதில் வருத்தமில்லை.

ஜோடி விஷயத்தைக் கொட்டிவிட்டுப் போனை என் காதில் வைத்தாள். எனக்கு வாய் வரவில்லை. நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்?

ஜோடி போனைப் பிடுங்கி, "சூடம் அடிச்சிருக்கா. வெளியாளுகிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம். அதான் பேச மாட்டேங்குறா" என்றாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று பாடம் எடுக்கவும் இல்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது. "சரிக்கா. நீங்க ஒண்ணுமே சொல்ல வேணாம். நான் கேக்குறேன். ஆமான்னா உம் கொட்டுங்க, இல்லன்னா சும்மா இருங்க" என்றார்.

கதை கேட்கும் பிள்ளைபோல நான் உம் கொட்டினேன். கையில் அடியா? உம். முன்பும் நடந்திருக்கா? உம். இன்னைக்கு வீட்டுக்குப் போகப் பயமா இருக்கா? உம். வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணி ஒருவர் எங்களுக்கு எதிரே நின்று கேமராவைத் தூக்கினார். ஜோடி அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டினாள், போகட்டும் என்று. ஏதோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் வீட்டில் அந்தப் படம் இருக்கும். தேயிலைக்கு நடுவே சந்தோஷமாக உட்கார்ந்திருக்கும் இரண்டு தமிழ்ப் பெண்கள்.

"புள்ள இதெல்லாம் பாத்துச்சாக்கா?" என்று கேட்டார் அந்தப் பெண்.

அதற்கு என்னால் உம் கொட்ட முடியவில்லை. "பாத்துச்சுங்க" என்றேன். "கதவுக்குப் பின்னால நின்னு பாத்துச்சு. அப்புறம் வந்து பைய எடுத்து வெளிய வச்சிருச்சு. நான் சொல்லாமயே." அதற்கு மேல் நான் நிறுத்தவில்லை. கல்யாணமான நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சத்தியம் போய்விட்டது. வானம் இடிந்து விழவில்லை. கீழே மண்டோர் இன்னொரு ஜோடியை அழைத்துப் பாதியில் நின்ற எங்கள் நிரையை முடித்துக்கொண்டிருந்தார். எனக்கு மூச்சு நன்றாக வந்தது. அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பிறகு நடந்தவை எல்லாம் வேகமாக நடந்தன. மண்டோர் தன் கெரெத்தாவில், சொந்தக் காரிலேயே, எங்களை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து மகளை ஜோடி கூட்டிவந்தாள். ஆஸ்பத்திரியில் அடிபட்டு வரும் பெண்களுக்கென்று தனியாக ஓர் அறை இருப்பது எனக்குத் தெரியாது. வரிசையில் நின்று எல்லார் காதிலும் விழும்படி கதை சொல்ல வேண்டியிருக்கும் என்று பயந்துகொண்டே போயிருந்தேன். கதவைச் சாத்தினார்கள். டாக்டர் அந்த அறைக்கே வந்தார், போலீஸ்காரப் பெண்ணும் அந்த அறைக்கே வந்தார், கெபாஜிகான் என்கிற சமூகநல இலாகா அதிகாரியும் அங்கேயே வந்தார். மீன்காரி கீழேயிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். என் மலாய் தடுக்கிய இடத்தில் எல்லாம் அவர் எடுத்துக் கொடுத்தார். மிஸ்ஸி, நர்ஸ் ஒருவர், என் கையில் கட்டுப் போட்டுவிட்டு மகளுக்கு மைலோ கலந்து கொடுத்தார். அவள் அதை முழுசும் குடித்துவிட்டு நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். பிள்ளை அப்படி அசந்து தூங்கி எத்தனை நாளாகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

அன்று எங்களை வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள். அவனைப் போலீஸ் கூப்பிட்டு விசாரித்தது. மறுநாள் அதிகாரி ஒரு தாளை எடுத்து வைத்து நிதானமாக விளக்கினார். இது உடனடிப் பாதுகாப்பு ஆணை, சில நாளைக்குத்தான், அதற்குள் நீதிமன்றத்தில் நீட்டித்துக்கொள்ளலாம். இனி அவன் உங்கள் பக்கத்தில் வரக்கூடாது, போன் செய்யக்கூடாது, நீங்கள் இருக்கும் வீட்டுக்குள் நுழையக்கூடாது. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எல்லாம் நன்றாகவே புரிந்தது.

புரிந்ததை வைத்துக்கொண்டு நான் செய்த காரியம்தான் வேடிக்கை. லயத்துக்கு வந்தேன், கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்து வீட்டைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டேன்.

எனக்கு அதில் எந்தச் சந்தேகமும் வரவில்லை. அவன் என் பக்கத்தில் வரக்கூடாது. வீடோ அவனுடையது, ஆபீசில் அவன் பெயரில்தான் இருக்கிறது. நான் அவன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அவன் எப்படி வராமல் இருப்பான்? ஆகவே நான் போக வேண்டும். பரம்பரையாக எங்களுக்கு வீட்டைப் பற்றி வருகிற தாள் ஒன்றே ஒன்றுதான். ரிட்டையரானால் வரும், வேலை போனால் வரும்: காலி பண்ணு. வேறு விதமாக ஒரு தாள் இருக்கும் என்று நினைக்கத் தெரியாது.

எனக்கு மட்டுமா? லயமே அப்படித்தான் நினைத்தது. எங்கள் வீட்டுக்கு முன்னால் ஆட்கள் கூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டக்கா ஒரு பொட்டலம் நெத்திலி சம்பல் கொண்டுவந்து கொடுத்தார். எதிர்வீட்டில் அட்டைப் பெட்டி எடுத்து வந்தார்கள். தலைவரின் மனைவி என் நெற்றியில் திருநீறு பூசி, "போற எடத்துல நல்லா இரும்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு வாய் பேசும் என் ஜோடியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தட்டுமுட்டுச் சாமான்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். அண்ணனுக்குப் போன் செய்திருந்தேன். "வா" என்றார். அந்த ஒரு எழுத்துக்குள்ளேயே அண்ணி அரிசி போடும் சத்தம் எனக்குக் கேட்டது.

மகள் மட்டும் சீருடையைக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் மாமா வீட்டுக்கு வரல. எனக்கு அடுத்த வாரம் பரீட்ச" என்றாள்.

"எனக்கு மட்டும் ஆசையாடி?" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். அவ்வளவு நாள் அவனிடம் காட்ட முடியாத கோபம் எல்லாம் பிள்ளை மேல் போய் விழுந்தது. அவள் அசையவில்லை.

அந்த நேரத்தில்தான் மீன்காரியின் கார் வந்து நின்றது. நான் ஆஸ்பத்திரியில் மறந்து விட்டு வந்த ஏதோ மருந்தைக் கொண்டுவந்திருந்தார். வாசலில் இருந்த கூட்டத்தையும் பெட்டிகளையும் பார்த்துவிட்டு, "எங்கக்கா கெளம்பிட்டீங்க?" என்றார்.

"அண்ணன் வீட்டுக்கு."

"ஏன்க்கா?"

"அவரு என் பக்கத்துல வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்கல்ல. அதான் போறேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "வரக்கூடாதுன்னு சொன்னது அவரத்தான. நீங்க எதுக்குப் போறீங்க?"

"இது அவர் வீடுங்க."

"இந்த வீட்டுக்குள்ள கால் வைக்கக்கூடாதுன்னு அவருக்குத்தான்க்கா ஆர்டர். நீங்களும் பாப்பாவும் இங்கதான் இருக்கப் போறீங்க. போக வேண்டியது அவரு."

 சம்பல் கொடுத்த அக்கா வாயைத் திறந்தபடி நின்றார். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, கோபம். சுர்ரென்று தலைக்கு ஏறிய கோபம். அப்படியானால் இத்தனை நாளும் நான் எதற்கு இந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்? அடித்தவன் வீட்டில் கால் நீட்டிப் படுத்திருக்க, அடிபட்டவள் பஸ் ஏறிப் போனாளே, அதை ஏன் ஒருத்தரும், நானும்கூட, ஏன் என்று கேட்கவில்லை? அப்புறம் சிரிப்பு வந்தது. லயமே சேர்ந்து என்னை மூட்டை கட்டி வைத்திருந்த கோலத்தைப் பார்த்துச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்தப் பை மேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டேன். மகள் ஓடிவந்து என் மடியில் விழுந்தாள்.

தலைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "அது எப்பிடிம்மா? எஸ்டேட் வீடு. ஆபீசுல அவன் பேருல இருக்கு. அதுவும் சூடம் அடிச்ச விசயம்" என்றார். அவர் மிரட்டவில்லை, அவருக்கு உண்மையாகவே குழப்பம்.

ஜோடி கையில் பாதி சுற்றிய டம்ளரோடு எழுந்தாள். "சூடத்த மொதல்ல ஒடச்சது யாரு, தலைவரே? ஆத்தாவுக்கே தெரியும், ஒங்களுக்குத் தெரியாதா?"

அவர் கோயில் இருக்கும் திசையைப் பார்த்தார். பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வா, ஆபீசுக்குப் போலாம். கிராணிகிட்ட நானே பேசுறேன்" என்றார். அவரைப் பற்றி ஆயிரம் குறை சொல்லுவேன், ஆனால் அன்று அவர் எனக்கு முன்னால் நடந்து போனார். மீன்காரி தாளோடு கூட வந்தார். ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி படித்துவிட்டுத் தோட்ட மேனேஜர் துரையிடம் கொண்டுபோனார். நானும் இந்தத் தோட்டத்து வேலைக்காரிதானே என்று துரை கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் வீட்டை என் பெயரில் எழுதிக்கொள்வதில் எஸ்டேட்டுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். இத்தனை வருஷமாக அதை யாரும் கேட்காததால் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் கட்டிய பெட்டிகளை எல்லாம் லயத்துப் பெண்களே பிரித்து வைத்தார்கள். நெத்திலி சம்பலை அக்கா திருப்பிக் கேட்கவில்லை. சுடுசோறு வடித்து எல்லாரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். கோடு போட்ட பை மட்டும் அப்படியே மூலையில் கிடந்தது. அதைத் தொட எனக்கு மனசு வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அவன் துணிமணி எடுக்க வந்தான், இளவயது மலாய்ப் போலீஸ்காரர் ஒருவரோடு. கொஞ்ச நாளைக்கு ரிங்லெட்டில் கூட்டாளி வீட்டில் தங்கப் போவதாகப் போலீஸ்காரர்தான் சொன்னார். நான் கதவை விட்டு விலகி நின்றேன். ஜோடி என் பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.  அவன் அலமாரியைத் திறந்து சட்டைகளை அள்ளிக் கட்டிலில் போட்டான். போட்டுவிட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். எதில் வைத்துக் கொண்டுபோவது என்று அவனுக்குத் தெரியவில்லை. இந்த வீட்டிலிருந்து துணியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டிய வேலை அவனுக்கு வந்ததே இல்லை.

நான் போய் மூலையில் கிடந்த பையை எடுத்தேன். ஜிப்பைத் திறந்து தலைகீழாகக் கவிழ்த்தேன். என் சேலை, மகளின் சீருடை, பிறப்புப் பத்திரம், போர்வை எல்லாம் தரையில் விழுந்தன. வெறும் பையைக் கட்டில் மேல் வைத்தேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மடிக்கத் தெரியாமல் சட்டைகளைத் திணித்தான். ஜிப் அந்த மூலையில் மாட்டிக்கொண்டது. இழுத்தான், திரும்பவும் இழுத்தான். மகள் என்னைப் பார்த்தாள். அந்த வித்தையை நாங்கள் இரண்டு பேரும் சொல்லவில்லை. பாதி திறந்த பையோடு, ஒரு சட்டைக் கை வெளியே தொங்க, அவன் லயத்து வழியாக நடந்து போனான். எல்லா வாசலிலும் ஆள் நின்றிருந்தார்கள்.  போலீஸ் கார் திருப்பத்தில் மறைந்த பிறகு நான் கதவைச் சாத்தி, தரையில் கிடந்த சேலைகளை மடித்து அலமாரியில் வைத்தேன். அவன் சட்டைகள் இருந்த தட்டில்.

கை சரியாக இன்னும் நாளாகும், வீட்டில் இரு என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் மறுநாள் விடிந்ததும் நான் பெரட்டுக்குப் போனேன். வேலைக்கு இல்லை, சும்மா. பனி இறங்கிக்கொண்டிருந்தது. மண்டோர் வழக்கம்போல டிரைவர்களின் பெயர்களை முதலில் கூப்பிட்டார். என் வீட்டுக்காரன் பெயர் வந்தது. குரல் இல்லை. திரும்பவும் கூப்பிட்டார்.

பின்வரிசையிலிருந்து என் ஜோடி மெதுவாகச் சொன்னாள், "பை தூக்கிட்டாரு."

 கூட்டம் முழுக்கச் சிரித்தது, மண்டோர் உள்பட. நானும் சிரித்தேன், வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் மண்டோர் காட்டு வேலைக்காரர்களின் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். என் பெயரும் வந்தது. கட்டுப் போட்ட கையோடு நான் நிற்பது அவருக்குத் தெரியும். இருந்தும் விடாமல் கூப்பிட்டார்.

"இருக்கேன்" என்றேன்.